நாலு அங்குலம்

அக்கா தன் சக்கர நாற்காலியை யாரையும் தள்ள விடமாட்டாள். அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் புது மருத்துவமனைக் கட்டடத்தின் ராம்ப்பில் ஏறத் தொடங்கியபோதும் அப்படித்தான். உதவி செய்வதாகக் கை நீட்டிக்கொண்டு பின்னால் வந்த தம்பியை ஒரு முறை முறைத்தாள். அவர் கையைப் பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, வாயையும் மூடிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை, நாற்பத்திரண்டு வயது. ஒரு கட்டடம் நிற்பதற்கான தூண், உத்தரம், கான்கிரீட் தளம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு, எங்கே எத்தனை கம்பி என்று வரைந்து கொடுக்கும் ஸ்ட்ரக்சரல் எஞ்சினியர். வேலையிடத்தில் அவருக்குக் 'கம்பி சார்' என்று பெயர். பெயர் பிடிக்காதது போல முகத்தைச் சுளிப்பாரே தவிர, உள்ளுக்குள் அதில் ஒரு பெருமை உண்டு. இந்தக் கட்டடத்துக்கும் கம்பி அவருடையதுதான். அன்று காலை பத்து மணிக்கு 'வேலை முடிந்தது' என்ற சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை திறப்பு.

அக்கா அதே மருத்துவமனையின் பழைய கட்டடத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறாள். பழைய கட்டடத்தின் வாசலில் ஐந்து படிகள். தினமும் காலையில் வாட்ச்மேனும் இரண்டு வார்டு ஊழியர்களும் அவளை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்பார்கள். சாயங்காலம் அதே போலத் தூக்கி வெளியே வைப்பார்கள். கெட்டவர்கள் இல்லை, பாவம். ஆனால் தூக்கும்போது ஒருத்தர், "என்ன மேடம், இன்னைக்கு வெயிட் கூடிப்போச்சு?" என்பார். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பாள். உள்ளே போனதும் பத்து நிமிடம் அவள் கை நடுங்கும். நடுக்கம் நிற்கும்வரை ஊசியைத் தொடமாட்டாள். இது தம்பி ஒருவருக்குத்தான் தெரியும்.

புதுக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டிய வாரமே அவள் சொல்லிவிட்டாள்.

"இதோ பாரு, அங்கேயும் என்னை மூட்டை மாதிரி தூக்கித்தான் கொண்டுபோகணும்னா, அன்னைக்கே வேலையை எழுதிக் கொடுத்துட்டு வீட்ல உக்காந்திடுவேன். சும்மா மிரட்டுறேன்னு நினைக்காதே."

"அட என்னக்கா நீ! ராம்ப்புக்குக் கணக்குப் போட்டவனே நான்தான். நீ பாட்டுக்கு வண்டியை உருட்டிக்கிட்டு உள்ள போவே பாரு. ஒரு பய உன் நாற்காலியைத் தொடமாட்டான்."

இரண்டரை வருடமாக அவளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராம்ப்பு நன்றாகத்தான் இருந்தது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் கை வலிக்கும். நடுவில் மூச்சு வாங்க ஒரு சமதளம். இரண்டு பக்கமும் கைப்பிடி. அக்கா நிதானமாக உருட்டி ஏறினாள். முகத்தில் ஒரு சந்தோஷம், சின்ன வயதில் பரீட்சை முடிவைப் பார்க்கப் போகும்போது இருக்குமே, அந்த மாதிரி. கடைசி இரண்டு தள்ளு. கண்ணாடிக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே பளபளவென்று டைல்ஸ்.

நாற்காலியின் முன்சக்கரம் டக்கென்று முட்டி நின்றது.

பின்னுக்கு எடுத்து இன்னொரு தரம் தள்ளினாள். மறுபடியும் முட்டியது. குனிந்து பார்த்தாள்.

"டேய், என்னடா இது?"

கம்பி சார் எட்டிப் பார்த்தார். ராம்ப்பு முடிகிற இடத்துக்கும் உள்தரைக்கும் நடுவே ஒரு படி இருந்தது. நாலு அங்குலம். நடந்து போகிறவன் காலைக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுவான். சக்கரத்தில் போகிறவளுக்கு அது சுவர்.

கோபம் வந்தால் நமக்கெல்லாம் முதலில் யார்மேல் வரும்? நமக்குக் கீழே நிற்கிறவர்மேல்தான். கம்பி சாரும் விதிவிலக்கில்லை. கதவோரத்தில் குந்தி உட்கார்ந்து டைல்ஸ் இடுக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்த டைல்ஸ் மேஸ்திரியைப் பார்த்து ஒரு கத்தல் போட்டார்.

"ஏம்ப்பா, கண்ணு எங்க இருக்கு உனக்கு? ராம்ப்பு ஒரு உயரம், தரை ஒரு உயரம்! இத்தனை வருஷம் வேலை பார்த்தவன்தானே நீ?"

மேஸ்திரி எழுந்தார். ஐம்பது வயதுக்காரர், பேச்சில் நிதானமானவர். துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சார், போடுறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட வந்து கேட்டேனே. தளத்து மேல சாந்து, டைல்ஸ் எல்லாம் சேர்ந்தா நாலு அங்குலம் ஏறும், ராம்ப்பு உங்க தளத்து மட்டத்துலயே நிக்குதேன்னு. 'அது என் டிபார்ட்மென்ட் இல்ல, ஆர்க்கிடெக்ட்டைக் கேளு'ன்னீங்க. அவரைக் கேட்டா, 'என் டிராயிங்ல தெளிவா இருக்கு, படிச்சுப் பாரு'ன்னாரு. கான்ட்ராக்டர், 'நீ டைல்ஸ் ஒட்டுய்யா, ஆராய்ச்சி பண்ணாதே'ன்னாரு. அப்புறம் நான் யாரைக் கேக்கறது சார்?"

கம்பி சாருக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. நன்றாகவே ஞாபகம் வந்தது. கைபேசியில் பேசிக்கொண்டே, மேஸ்திரியின் முகத்தைக்கூடப் பார்க்காமல், கையை வீசிச் சொன்ன பதில் அது.

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்" என்று முணுமுணுத்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கான்ட்ராக்டர் ஓடிவந்தார். எந்தப் பிரச்சினைக்கும் ஒரு பலகையும் ஒரு சிரிப்பும் வைத்திருக்கிற மனிதர்.

"இதுக்குப் போயா மேடம்? ஒரு பலகையைச் சாய்ச்சு வெச்சா ஏறிடலாம். டேய், அந்தப் பலகையை எடுத்துட்டு வாங்கடா!"

பலகை இரண்டடிதான் இருந்தது. சாய்த்து வைத்தார்கள். அக்கா அதைப் பார்த்தாள், தன் சக்கரத்தைப் பார்த்தாள். முன்சக்கரத்தை ஏற்றினாள். பாதி ஏறியதும் வழவழ டைல்ஸில் பலகை வழுக்கி நகர்ந்தது. நாற்காலி பின்பக்கமாகச் சாய, மேஸ்திரி ஒரே பாய்ச்சலில் வந்து முதுகைத் தாங்கினார். கைப்பிடியில் அடிபட்டு அக்காவின் வலது மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. ஊசி பிடிக்கிற கை.

தம்பி பதறிப்போனார். பதற்றத்தில் மனிதனுக்கு வாய் எங்கே, புத்தி எங்கே?

"அக்கா, நீ பிடிச்சுக்கோ. நாங்க நாலு பேரு சேர்ந்து ஒரு நிமிஷத்துல தூக்கி உள்ள வெச்சிடறோம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அக்கா சக்கரத்தின் பிரேக்கை இறுக்கினாள். மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு கவரை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள். ராஜினாமாக் கடிதம். கீழே கையெழுத்துகூடப் போட்டிருந்தாள். தேதி மட்டும் எழுதவில்லை.

"உன்மேல நம்பிக்கை இல்லாம எழுதலைடா. இந்த உலகத்து மேல நம்பிக்கை இல்லாம எழுதி வெச்சேன். இப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு தெரிஞ்சுபோச்சு." அவள் குரல் உடையவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. "இதைக் கட்டினவங்க எல்லாரும் எங்க?"

"உள்ளதான்... கையெழுத்துப் போட வந்திருக்காங்க."

"இங்க வரச் சொல்லு. நான் உள்ள வர முடியாது, பாரு. அவங்களுக்குக் காலு இருக்கில்ல, அவங்க வரட்டும்."

உள்ளே மேசையைச் சுற்றி டீயோடு உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆர்க்கிடெக்ட், கட்டடத்தை வடிவமைத்தவர். கம்பி சாரும் அவரும் ஒரே கல்லூரி, ஒரே வருடம், எதிரெதிர்க் கட்டடம். படிப்பு முடியும்வரை ஒரு வகுப்பில்கூட இரண்டு கூட்டமும் சேர்ந்து உட்கார்ந்ததில்லை. கேன்டீனில் மட்டும் பார்த்துக்கொள்வார்கள், அதுவும் தனித்தனி மேசை. சிவில்காரர்கள் ஆர்க்கிடெக்சர்காரர்களைப் 'பொம்மை போடுறவங்க' என்பார்கள். அவர்கள் இவர்களைப் பார்த்து, 'டேய், கம்பி எண்ணப் போறவங்க வந்துட்டாங்க' என்று கத்துவார்கள். சிரிப்புக்குச் சொன்னது, இருபது வருடத்தில் சிரிப்பு போய் வெறுப்பு மட்டும் மிஞ்சியது. இந்த வேலை தொடங்கிய முதல் கூட்டத்தில் ஆர்க்கிடெக்ட் இவரை, "கணக்கு மட்டும் பார்த்துக்குவாரு" என்று அறிமுகம் செய்தார். பதிலுக்கு இவர், "சார் அழகு பார்ப்பாரு, நிக்குமான்னு நாங்க பார்க்கணும்" என்றார். அவ்வளவுதான், பேச்சு நின்றது. அதுவரை 'டா' போட்டுப் பேசியவர்கள் 'சார்' போட ஆரம்பித்தார்கள். அந்த 'சார்' கெட்ட வார்த்தையைவிட மோசம். வரைபடங்கள் மட்டும் கான்ட்ராக்டர் வழியாகப் போகும், வரும்.

இன்னொருவர் தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் எல்லாவற்றையும் வரைந்த பைப் மேடம். கெட்டிக்காரி. ஆனால் எல்லா வேலையிலும் அவரைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள், அதனால் எப்போதும் முகத்தில் ஒரு கடுப்பு.

எல்லோரும் ராம்ப்பின் மேல்முனைக்கு வந்து நின்றார்கள். கேட்டால் நம்பமாட்டீர்கள்: இரண்டரை வருடத்தில் இவர்கள் நாலு பேரும் இந்தக் கட்டடத்தில் ஒன்றாக ஓர் இடத்தில் நின்றது அன்றுதான் முதல் தடவை.

ஆர்க்கிடெக்ட் படியைப் பார்த்தார். உடனே கைபேசியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினார். "என் டிராயிங்ல சரியாத்தான் இருக்கு. ராம்ப்பும் தரையும் ஒரே லெவல்."

"என் டிராயிங்லயும் சரியாத்தான் இருக்கு" என்றார் கம்பி சார், கடுகடுவென்று. "நீங்க குடுத்த லெவல்லதான் சார் தளம் போட்டிருக்கேன். ஒரு மில்லிமீட்டர் கூட மாறலை."

"எங்க பைப்பெல்லாம் பக்கா" என்றார் பைப் மேடம்.

"நான் இவங்க குடுத்ததைத்தான் கட்டினேன்" என்றார் கான்ட்ராக்டர்.

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று ஆளாளுக்கு ஒரு முயலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தராவது அக்காவின் மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

அப்போது டைல்ஸ் மேஸ்திரி அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: "அம்மா, எல்லாரும் பூஜ்யத்துல இருந்துதான் உயரம் அளப்பாங்க. பூஜ்யம்னா, ஒரு இடத்தைத் தொடக்கம்னு வெச்சுக்கிட்டு, அதுக்கு மேல இத்தனை, கீழ இத்தனைன்னு கணக்கு. அந்தப் பூஜ்யம் எங்கன்னு கேளுங்க."

அக்கா நிமிர்ந்தாள். "கேட்டீங்கல்ல? இந்தக் கட்டடத்துக்குப் பூஜ்யம் எங்க இருக்கு? பேச வேணாம். விரலால காட்டுங்க."

ஆர்க்கிடெக்ட் பளபளத்த டைல்ஸின் மேல்முகத்தைக் காட்டினார். கம்பி சார் அதற்கு நாலு அங்குலம் கீழே, கான்கிரீட் தளத்தைக் காட்டினார். பைப் மேடம் திரும்பி, தெருவோரச் சாக்கடை மூடியைக் காட்டினார். கான்ட்ராக்டர் கேட் தூணில் பூசியிருந்த சிவப்புக் கோட்டைக் காட்டினார்.

நாலு விரல், நாலு திசை. மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அக்கா சிரிக்கவில்லை.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. ஆர்க்கிடெக்ட் எழுதிய அளவு, டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு இருக்க வேண்டிய உயரம். கம்பி சார் அதையே வெறும் கான்கிரீட்டின் உயரம் என்று எடுத்துக்கொண்டார். 'இது டைல்ஸோடவா, டைல்ஸ் இல்லாமலா?' என்று ஒரு கேள்வி. ஒரே ஒரு போன். 'அந்த ஆள்கிட்ட நான் போய்க் கேட்பதா?' என்ற வீறாப்பில் அவர் கேட்கவில்லை. ஆர்க்கிடெக்டோ, தளம் போட்ட பிறகு ஒரு நாள் வந்து அளந்திருந்தால் பிடித்திருக்கலாம்; 'கணக்கு அவங்க பாடு' என்று வரவில்லை. அதில் தரை இரண்டு அங்குலம் ஏறியது. தளம் போடும்போது குழாய்களுக்கு எங்கே பள்ளம் விட வேண்டும் என்று பைப் மேடத்தை யாரும் கேட்கவில்லை. அவர் பரிசோதனைக் கூடத்தின் கழிவுக் குழாயைத் தளத்துக்கு மேலேயே ஓட்டிவிட்டார். அதை மூடச் சாந்து இன்னும் இரண்டு அங்குலம் ஏறியது. ராம்ப்பு மட்டும் பழைய மட்டத்திலேயே நின்றது.

"பக்கத்துல நடந்து ஏறுற வாசப்படி சரியாத்தானே இருக்கு?" என்றார் ஆர்க்கிடெக்ட், இன்னும் விடாமல்.

"அங்க ஒரு படி கூடப் போட்டுட்டேன் சார்" என்றார் கான்ட்ராக்டர். "நடக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

அக்காவுக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டடமே அதிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அவள் கத்தவில்லை.

"நடக்கிறவங்களுக்கு ஒரு படி கூடப் போடணும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்ப தரை ஏறிடுச்சுன்னும் தெரிஞ்சிருக்கு. ராம்ப்பு பக்கம் திரும்பிப் பார்க்க மட்டும் யாருக்கும் தோணலை. ஆர்க்கிடெக்ட் டிராயிங் சரி. என் தம்பி டிராயிங் சரி. பைப்பு சரி. கட்டினதும் சரி. எல்லாமே சரி! என் வண்டி ஒண்ணுதான் தப்பு, இல்ல? நான்தான் தப்பு!"

கம்பி சார் கையிலிருந்த கவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் அக்கா தப்பு" என்றார். "இவரு வந்து சொன்னாரு. நாலு மாசம் முன்னாடியே சொன்னாரு. என் டிபார்ட்மென்ட் இல்லைன்னு துரத்திவிட்டேன். உன் ராம்ப்பு என் டிபார்ட்மென்ட் இல்லைன்னு நானே சொல்லியிருக்கேன்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் வயிற்றெரிச்சல். கம்பி சார் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "நீங்க சொல்லுங்க, எப்படிச் சரி பண்ணலாம்?" என்று கேட்டார். அவரை 'நீங்க' என்று அழைத்தது அதுதான் முதல் முறை. மேஸ்திரி ராம்ப்பின் கீழ்முனையைக் காட்டினார். நாலு அங்குலம் ஏற்றம் கூடினால் ராம்ப்பு நாலடி நீள வேண்டும். மேல்பூச்சை எடுத்துவிட்டு, சரிவை மாற்றிப் புதிதாகப் போட வேண்டும். கீழே நாலடி நீட்ட, ஆர்க்கிடெக்ட் ஆசை ஆசையாகக் கட்டிய கிரானைட் பூந்தொட்டி குறுக்கே நின்றது. அதற்குப் பக்கத்தில் கழிவுத் தொட்டியின் மூடி நிலத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது.

"மூடியை நான் இறக்கிக் குடுத்துடறேன், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றார் பைப் மேடம். "யாராவது கேட்டாத்தானே!"

"பழைய கான்கிரீட் மேல புதுசு பிடிக்கணும், நான் கம்பி குடுக்கறேன்" என்றார் கம்பி சார்.

எல்லோரும் ஆர்க்கிடெக்டைப் பார்த்தார்கள். அவர் பூந்தொட்டியைப் பார்த்தார். அதன் பிறகு, அப்போதுதான், அக்காவின் மணிக்கட்டில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

"இடிச்சுடுங்க" என்றார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தால் இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. இரண்டரை வருடமாக முடியாதது இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது! படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், சுவரில் சான்றிதழ் மாட்டியவர்கள். ஒன்றாக ஓர் இடத்தில் நின்று அரை மணி நேரம் பேசாததால் ஒரு பெண் கீழே விழப் பார்த்தாள். இதை என்னவென்று சொல்வது?

கான்ட்ராக்டர் மட்டும் சான்றிதழ்க் காகிதத்தை விடவில்லை. "இதுல கையெழுத்தைப் போட்டுடுங்க சார், திறப்பு விழா முடியட்டும், ராம்ப்பை அப்புறம் நிதானமா பண்ணிக்கலாம். உங்க கட்டம் தனி, அவங்க கட்டம் தனி. உங்க பகுதி முடிஞ்சதா? முடிஞ்சது. போட வேண்டியதுதானே?"

உண்மைதான். அந்தக் காகிதத்தில் நாலு கட்டம் இருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கு மேலும் 'என் பகுதி வேலை நிறைவடைந்தது' என்று அச்சடித்திருந்தது. மனிதர்கள் உள்ளே போக முடிகிறதா என்று கேட்க அதில் ஒரு வரி இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனை காகிதத்தில் இப்படிக் கையெழுத்துப் போட்டிருப்போம் என்று கம்பி சார் யோசித்தார். எண்ண முடியவில்லை. அவமானமாக இருந்தது.

பேனாவை எடுத்து 'என் பகுதி' என்பதைக் குறுக்காக அடித்தார். கீழே எழுதினார்: 'கட்டடம் முடியவில்லை. ராம்ப்பு வழியாக உள்ளே போக முடியாது.' அதன் கீழ் கையெழுத்துப் போட்டார்.

"உங்களுக்கு இனிமே இந்த ஊர்ல யாரு சார் வேலை குடுப்பாங்க?" என்று கான்ட்ராக்டர் அலறினார்.

"குடுக்காட்டிப் போறாங்க."

பைப் மேடம் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தன் கட்டத்திலும் அதையே செய்தார். கடைசியாக ஆர்க்கிடெக்ட். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது கம்பி சாரின் முகத்தைப் பார்க்காமல், "ஒரு போன் பண்ணியிருக்கலாம்டா" என்றார்.

"நீ பண்ணியிருக்கலாம்டா" என்றார் இவர்.

திறப்பு விழா பத்து நாள் தள்ளிப்போனது. மேலதிகாரிகள் குதித்தார்கள், குதித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அக்கா ஒரு கணக்குச் சொன்னாள், அதுதான் தம்பியைத் தூங்கவிடவில்லை.

"பத்து நாள். காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. இன்னும் இருபது தடவை தூக்குவாங்கடா என்னை. தாங்கிக்கறேன். ஆனா நீயும் அந்த ஆர்க்கிடெக்டும் வந்து பார்க்கணும்."

பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஆர்க்கிடெக்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகப் பழைய கட்டடத்து வாசலுக்குக் கூட்டிவந்தார் கம்பி சார். மூன்று பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். ஒருவர் கால் மூன்றாவது படியில் தடுமாறியது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். யாரோ எடை பற்றி ஏதோ சொன்னார்கள், யாரோ சிரித்தார்கள். காருக்குத் திரும்பும்போது ஆர்க்கிடெக்ட், "நாம படிச்சப்ப யாராவது நம்மளை ஒண்ணா நிக்க வெச்சு இதைக் காட்டியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டார்.

வேடிக்கையைக் கேளுங்கள். இரண்டு பேருமே அந்தப் பழைய கல்லூரியில் வாரம் ஒரு நாள் பாடம் எடுக்கிறார்கள். இவர் வெள்ளிக்கிழமை சிவில் வகுப்புக்கு, அவர் புதன்கிழமை ஆர்க்கிடெக்சர் வகுப்புக்கு. ஆறு வருடமாக! ஒருவர் நிழலை ஒருவர் மிதித்ததில்லை. சேர்ந்து போய் முதல்வரைப் பார்த்தார்கள். இரண்டு வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு பாடம் நடத்த வேண்டும் என்றார்கள்.

"நல்ல யோசனைதான்" என்றார் முதல்வர். "ஆனா ரெண்டு டிபார்ட்மென்ட்டுக்கும் சேர்த்து டைம்டேபிள்ல ஒரு பீரியட் கூட இல்லையே. இடிக்குமே."

"இடிக்கட்டும் சார்" என்றார் கம்பி சார். "இங்க இடிச்சா டைம்டேபிளோட போகும். வெளிய வந்து இடிச்சா ஒரு ஆள்மேல இடிக்குது."

அடுத்த புதன்கிழமை, ராம்ப்பு முடிந்த மறுநாள், இரண்டு பஸ்களில் மாணவர்கள் வந்து இறங்கினார்கள். பூந்தொட்டி இருந்த இடத்தில் ராம்ப்பு நாலடி நீண்டிருந்தது. மூடி நிலத்தோடு நிலமாக இருந்தது. மேஸ்திரி ராம்ப்பின் மேல்முனையில், தரையோடு சேருகிற சமதளத்தில் ஒரு கோலி குண்டை வைத்துக் காட்டினார், குண்டு அசையவில்லை. தரையும் ராம்ப்பும் ஒன்றாகியிருந்தன.

அக்கா வந்தாள். மணிக்கட்டில் கட்டு இருந்தது. கீழேயிருந்து தானே உருட்டி ஏறினாள். மேலே வந்ததும் சக்கரம் டைல்ஸ்மேல் உருண்டது. முட்டவில்லை, நிற்கவில்லை. உள்ளே போய்விட்டாள். பைப் மேடம் கைதட்டினார். மாணவர்களும் தட்டினார்கள். தம்பிக்குக் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அக்கா நாற்காலியைத் திருப்பினாள்.

"எதுக்குக் கைதட்டுறீங்க?"

கைதட்டல் நின்றது.

"நான் என் வேலைக்கு உள்ள வந்திருக்கேன். இதுக்கு யாராவது கைதட்டுவாங்களா? உங்களுக்கு யாரும் தட்டினாங்களா, காலைல வகுப்புக்குள்ள போனப்ப?" அவள் ராம்ப்பின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "வேலை தெரியாதவங்க செஞ்சிருந்தா நான் மன்னிச்சிருப்பேன். இது வேலை தெரிஞ்ச நாலு பேரு செஞ்சது. அவங்கவங்க வேலையை நல்லாத்தான் செஞ்சாங்க. பக்கத்துல இருக்கிறவன் என்ன செய்யறான்னு கேட்டா கௌரவம் குறைஞ்சிடும்னு நினைச்சாங்க. அந்தக் கௌரவத்தோட உயரம்தான் நாலு அங்குலம். ஞாபகம் வெச்சுக்கங்க, தனித்தனியா எல்லாரும் சரியா செஞ்சாலும் கட்டடம் தப்பாத்தான் நிக்கும். சேர்ந்து பேசி செஞ்சாத்தான் அது மனுசங்களுக்கான கட்டடம்."

மாணவர்கள் தலையை ஆட்டினார்கள். நன்றாகத்தான் ஆட்டினார்கள். ஆனால் ஆர்க்கிடெக்சர் பிள்ளைகள் எல்லோரும் ராம்ப்பின் வலது கைப்பிடி ஓரமும், சிவில் பிள்ளைகள் எல்லோரும் இடது கைப்பிடி ஓரமுமாக நின்றிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் யாரும் சொல்லாமலே பிரிந்து நின்ற நிற்பு அது. நடுவில் ராம்ப்பு காலியாகக் கிடந்தது.

"இப்பவே பாருங்க, இருபது வயசுலயே!" என்றாள் அக்கா. கோபம் குரலில் திரும்பி வந்திருந்தது. "ரெண்டு கூட்டமா ஒதுங்கி நின்னுக்கிட்டு, நடுவுல இவ்வளவு இடம் விட்டிருக்கீங்களே. என் வண்டி மாட்டிக்கிட்டது அந்த இடத்துலதான்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வலது பக்கமிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி ஒரு அடி நகர்ந்தாள். இடது பக்கமிருந்து யாரும் நகரவில்லை.

"நகருங்கடா!" என்று கம்பி சாரும் ஆர்க்கிடெக்டும் ஒரே குரலில் கத்தினார்கள்.